யாத்திரையும் பாத வேதனையும்



மழைக்காலம் கழிந்து, முனிவர் பெருமக்களின் சாதுர்மாஸ்யமும் நிறைவுற்றபின், நம் இல்லங்களில் தீர்த்த யாத்திரைப் பேச்சு எழுவது வழக்கம். எந்த இரயிலில் இடம் பதிவது, மதுவனத்தில் எந்தத் தர்மசாலையில் தங்குவது, வழியில் சமைக்க எத்தனைப் படி அரிசி கொண்டு செல்வது என்றெல்லாம் திண்ணைதோறும் ஆராய்ச்சி நடைபெறும். புளியோதரைப் பொடிகூடப் பத்து நாள் முன்னதாகவே இடித்து வைக்கப்படும். இத்தனை ஆராய்ச்சியிலும் ஒன்று மட்டும் இடம் பெறுவதில்லை. நம்மை மலைமேல் கொண்டு சேர்க்க வேண்டிய கால்களைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

சம்மேத சிகரத்தின் பெருமையை நம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களுள் இருபதின்மர் வீடுபேறு அடைந்த மலை அது. ஜார்க்கண்டு மாநிலம் கிரிடி மாவட்டத்தில், சுமார் 4,480 அடி உயரத்தில் பார்சுவநாதர் சிகரம் நிற்கிறது. அடிவாரமாகிய மதுவனத்திலிருந்து ஏறுவதற்கு 9 கிலோமீட்டர், மேலே சிகரங்களை வலம் வருவதற்கு 9 கிலோமீட்டர், இறங்குவதற்கு 9 கிலோமீட்டர், ஆக 27 கிலோமீட்டர் என்பது யாத்திரிகர் அனைவரும் அறிந்த கணக்கு. இக்கணக்கை வாயால் சொல்வது எளிது. வந்தவாசியிலோ திண்டிவனத்திலோ கடைத்தெருவுக்குக்கூட வண்டியில் சென்று பழகிய நாம், இந்த 27 கிலோமீட்டரை ஒரே நாளில், வெறுங்காலில், பலர் உண்ணாமலும் நடக்கிறோம். சிமெந்துப் பாதையும் படிகளும் கல்லும் மாறி மாறி வருகின்றன. விடியுமுன் பாதை பனிக்கட்டிபோல் குளிர்கிறது. நண்பகலில் அதே பாதை கொதிக்கிறது.

2012ஆம் ஆண்டில் நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவை யாம் சிகரத்துக்கு அழைத்துச் சென்றோம். அக்குழுவில் அறுபது வயது கடந்த ஓர் அம்மையார் இருந்தார். ஐந்து ஆண்டுகளாக நேர்ந்துகொண்ட யாத்திரை அது. முழு மலையையும் வெறுங்காலில் நடந்தே முடிப்பதாக விரதம் ஏற்றிருந்தார். மலையேறுவதற்கு முந்திய இரவு, தர்மசாலை முற்றத்தில் அனைவரும் கூடியிருந்தபோது, யாம் அவரைச் சுட்டிக்காட்டி, "இதுவன்றோ பக்தி! இளைஞர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று புகழ்ந்து பேசினோம். அனைவரும் கைகூப்பினர். அம்மையார் நாணித் தலை கவிழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியை இன்று நினைத்தாலும் எமக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

மறுநாள் கௌதம கணதரர் சிகரத்தில் தொடங்கி, சந்திரப்பிரபர் சிகரம் சென்று மீண்டு, நடுப்பகல் கடந்து பார்சுவநாதர் சிகரத்தையும் வணங்கி இறங்கத் தொடங்கினோம். ஆங்காங்கே கற்பீடங்களில் பொறிக்கப்பெற்ற திருவடிகளைத் தொட்டுத் தொட்டு வணங்கி வந்த கண்களோடு கீழே நோக்கியபோது, எமக்கு முன்னால் படிகளில், ஒன்று விட்டு ஒன்றாக, செந்நிறத்தில் ஓர் அடிச்சுவடு தெரிந்தது. குங்குமமோ என்று முதலில் எண்ணினோம். அது குருதி. அம்மையாரின் வலக்கால் பெருவிரலுக்குக் கீழே கற்சில்லு ஒன்று ஆழப் பதிந்திருந்தது. அவர் அதனை உணரவே இல்லை. "வலிக்கவில்லையா அம்மா?" என்று கேட்டதற்கு, "ஒன்றும் தெரியவில்லையே அய்யா" என்றார். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு இருந்தது என்பதும், பாதத்தில் உணர்ச்சி குன்றி நாளாயிற்று என்பதும் அப்போதுதான் எமக்குத் தெரிய வந்தன.

அந்நேரத்தில் டோலி கிடைக்கவில்லை. துணியை நனைத்துக் கட்டிவிட்டு, இருவர் தாங்க, மீதி வழியையும் அவர் நடந்தே இறங்கினார். பின்னர் இரண்டு நாள் இரயில் பயணம். ஊர் வந்து சேர்ந்தபோது கால் வீங்கிப் புண் நிறம் மாறியிருந்தது. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தும் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. பார்க்கச் சென்ற எம்மிடம் அவர் கோபமாக எதுவும் கூறவில்லை. "நோய் இருப்பதை ஏனம்மா சொல்லவில்லை?" என்று யாம்தான் கேட்டோம். "நீங்கள் கேட்கவில்லையே அய்யா" என்றார்.

உண்மைதான். பெயர் கேட்டோம், வயது கேட்டோம், பணம் கேட்டோம், மேல் படுக்கையா கீழ்ப் படுக்கையா என்று கேட்டோம். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

இதனைக் கேட்கும் சிலர், "உடம்பைப் பேணுவதற்கா யாத்திரை? உயிர் வேறு, உடல் வேறு என்பதன்றோ பேதஞானம்? பரீஷகங்களை வெல்வதன்றோ ஜினநெறி?" என்று வினவக்கூடும். யாமும் அவ்வாறு பேசி வந்தவர்களே. ஆதலின் இவ்வினாவைச் சற்று நின்று ஆராய்தல் நலம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் 22 பரீஷகங்களை எண்ணிக் கூறுகிறார். பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் என்று தொடங்கும் அவ்வரிசையில் சரியை என்னும் நடைத்துன்பமும், புல்லும் முள்ளும் உறுத்தும் துன்பமும், நோயும் தனித்தனியே இடம் பெற்றுள்ளன. நடந்தே நாடெங்கும் செல்லும் துறவியர்க்குக் கால்நோவு எத்தகையது என்பதை ஆசாரியர் அறியாதவர் அல்லர். ஆனால் அவற்றை ஏன் பொறுக்க வேண்டும் என்பதற்கு அவர் கூறும் காரணம் இரண்டே. ஏற்ற நெறியினின்று வழுவாதிருத்தல் ஒன்று. வினை உதிர்தல் மற்றொன்று. துன்பத்தைத் தேடிச் சென்று வரவழைத்துக்கொள்ளுதல் அங்கே கூறப்படவில்லை. வழியில் தானே வந்து எதிர்ப்படுவது பரீஷகம். கவனமின்மையால் நாமே உண்டாக்கிக்கொள்ளும் புண்ணுக்கு அப்பெயர் பொருந்துமா என்று சிந்திக்க வேண்டும்.

'காயக்கிலேசம் என்று ஒரு தவமே உண்டே' எனலாம். உண்டு. ஆயினும் தீர்த்தங்கர நாமகர்மத்துக்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளுள் தவத்தையும் தியாகத்தையும் சொல்லுமிடத்து, 'சக்திக்கேற்ப' என்னும் அடைமொழி சேர்த்தே ஆசாரியர்கள் கூறினர். இச்சிறு சொல்லை நாம் மேடைகளில் எளிதாகத் தாண்டிச் சென்றுவிடுகிறோம். அதே பதினாறனுள் வையாவிருத்தியம், அதாவது தளர்ந்தோர்க்கும் நோயுற்றோர்க்கும் தொண்டு செய்தல், தனியொரு பாவனையாக வைக்கப்பட்டிருப்பதையும் மறந்துவிடுகிறோம். அன்று அம்மையாரின் தவத்தைப் புகழ எமக்கு நா இருந்தது. அவர் பாதத்தைப் பார்க்கக் கண் இல்லாமற் போயிற்று.

வேறொரு நுட்பமும் உண்டு. ஆர்த்தத் தியானம் நால்வகை என்பதையும், அவற்றுள் ஒன்று வேதனையையே இடைவிடாது நினைந்து வருந்துதல் என்பதையும் நாம் படித்திருக்கிறோம். இத்தியானம் இல்லறத்தார்க்கு மட்டுமன்றி, பிரமத்த நிலையில் உள்ள துறவியர்க்கும் உண்டாகக்கூடும் என்று சூத்திரமே கூறும்போது, நம் நிலை என்ன? குதிகாலில் கொப்புளம் உடைந்த ஒருவர், மல்லிநாதர் சிகரத்தில் நிற்கும்போதும் மல்லிநாதரை நினைப்பதில்லை. இன்னும் எத்தனைச் சிகரம் இருக்கிறது என்றே எண்ணுகிறார். அருகில் வரும் இல்லாளிடம் எரிந்து விழுகிறார். பிள்ளையை அதட்டுகிறார். ஆயிரம் மைல் கடந்து வினையை உதிர்க்க வந்த இடத்தில், ஒரு கொப்புளத்தின் பொருட்டுப் புதிய வினையைக் கட்டிக்கொண்டு திரும்புகிறார். இதைப் பிறர்மேல் வைத்துச் சொல்கிறோம் என்று எண்ண வேண்டா. எம் முதல் யாத்திரை ஏறக்குறைய இவ்வாறே கழிந்தது.

நோவுற்ற கால் பிற உயிர்க்கும் கேடு செய்யும். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் கூறும் எச்சரிக்கையை நினைவு கூர்வோம். புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கண்ணகி சிறிது தொலைவிலேயே களைத்து, மதுரை எங்கே இருக்கிறது என்று வினவுகிறாள். கோவலன் நகைத்து, முப்பது காதம் என்பதை மறைத்துச் சொல்கிறான். அவ்விருவரோடும் உடன்வர இசைந்த அடிகள், வழியின் இடர்களை எடுத்துரைக்கும்போது கொடிய விலங்குகளையோ கள்வரையோ பெரிதாகப் பேசவில்லை. கொய்தவர்கள் வழியில் இட்டுச் சென்ற குவளைப் பூக்களில் வண்டுகள் படிந்து கிடக்கும். நடந்த களைப்பினால் நீங்கள் அறியாமல் அவற்றின்மேல் அடிவைத்துவிடக்கூடும் என்கிறார். நீர்க்கரை வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அத்துன்பத்தைத் தாங்க இயலாது என்கிறார். களைத்த காலுக்குக் கண் இல்லை என்பதை இளங்கோவடிகள் இதைவிடத் தெளிவாகக் காட்டியிருக்க முடியாது. ஒரு நுகத்தடி அளவு நிலத்தை முன்னே நோக்கி நடக்கும் ஈர்யா சமிதி, உடல் ஓய்ந்து காலை இழுத்து இழுத்து வைக்கும்போது எவ்வாறு நிகழும்? இறங்கும் வழியில் மாலை நேரத்தில் நம்மவர் எத்தனை எறும்பு வரிசைகளை மிதிக்கின்றனர் என்பதைப் பின்னால் வந்து பார்த்தவர்களே அறிவர்.

அதே கவுந்தியடிகள், பகல் வெயிலையும் பரற்கற்களையும் கண்ணகியின் சிற்றடி பொறாது என்று கோவலன் கூறியபோது, நிலவொளியில் நடப்பதற்கு இசைந்தார். இரவில் நடத்தல் துறவியர்க்குப் பொதுவில் ஏற்ற நெறியன்று. எனினும் ஓர் இளம்பெண்ணின் பாதத்துக்காக அவர் தம் நடையை மாற்றிக்கொண்டார். யாமோ, அந்த அம்மையார் பின்தங்கியபோது இருமுறை திரும்பிப் பார்த்து, "சற்று விரைந்து வாருங்கள்" என்று கூறினோம்.

இனி, செய்யத்தக்கவை என்று யாம் பட்டறிந்தும், மருத்துவரிடம் கேட்டறிந்தும் கைக்கொண்டவற்றைக் கூறுவோம்.

யாத்திரை நாளில் கால் திடீரென்று பழகிவிடாது. ஆறு வாரம் முன்னதாகவே நாள்தோறும் நடக்கத் தொடங்குதல் வேண்டும். முதலில் அரைமணி, பிறகு ஒரு மணி, பிறகு வாரம் ஒருமுறை இரண்டு மூன்று மணி என்று கூட்டிக்கொண்டு போகலாம். சமநிலத்தில் மட்டும் நடந்தால் போதாது. அருகிலேயே பொன்னூர் மலை இருக்கிறது; குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்கியதாகவும் ஆகும், படியேறி இறங்கிப் பழகியதாகவும் ஆகும். திருமலைக்குப் பக்கத்தில் இருப்போர் அங்கே ஏறலாம். வெறுங்காலில் நடக்க விரும்புவோர், அதனையும் சிறுகச் சிறுகப் பழகுதல் வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும் என்று அஞ்சுகிறோம். காலைக் கெடுப்பது பெரும்பாலும் இறக்கமே. இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசையும் முழங்காலும் உடலின் எடையைத் தாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆதலின் சிற்றடியாக, முழங்காலைச் சற்றே மடக்கி, கைத்தடி ஊன்றி இறங்குக. மதுவனத்தில் மூங்கில் தடி கிடைக்கும். தடி ஊன்றுவது முதுமைக்கு அடையாளம் என்று நாணுவோர், இரு முழங்காலையும் பிடித்துக்கொண்டு மறுநாள் படுக்கையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம்.

நகங்களைப் புறப்படுவதற்கு நான்கைந்து நாள் முன்னதாக நேராக வெட்டிக்கொள்க. பித்தவெடிப்பு உள்ளவர்கள் ஒரு மாதம் முன்பிருந்தே இரவில் காலைக் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வருதல் நன்று. கால் ஆணியைப் பிளேடு கொண்டு தாமே அறுப்பது கூடவே கூடாது. கொப்புளம் என்பது ஈரமும் உராய்வும் சேர்ந்து உண்டாக்குவது. தோன்றுமுன் அவ்விடம் சிவந்து எரியும். அப்பொழுதே நின்று, ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அதோடு அடங்கும். 'அடுத்த சிகரத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்பதே கேடு. எழும்பிவிட்ட கொப்புளத்தை ஊசியால் குத்தாமலும் தோலை உரிக்காமலும் மூடி வைக்க வேண்டும். தானே உடைந்தால் தூய நீரால் கழுவித் துப்புரவான துணியால் கட்ட வேண்டும். புண்ணுக்குத் தேன் தடவலாம் என்று வழியில் யாரேனும் அன்போடு கூறுவர். தேனை விலக்கிய குடியில் பிறந்த நாம், நன்றி கூறிவிட்டு மருந்துப் பெட்டியைத் திறப்போமாக.

பருத்திக் காலுறை அணிவது விரதத்துக்குக் குறையா என்று பலர் கேட்கின்றனர். தோல் பொருள் விலக்கத்தக்கது, அதில் ஐயமில்லை. துணிக் காலுறையால் நெறிக்கு ஊறு நேர்வதாக யாம் கருதவில்லை. அதுவும் வேண்டா என்போர் தம் ஆற்றல் அறிந்து செய்க. ஆனால் நனைந்த காலுறையோடு நடத்தல் வெறுங்காலைவிடத் தீது. மாற்று இணை ஒன்று பையில் இருக்கட்டும்.

நீரிழிவு உடையோர்க்குத் தனியே கூற வேண்டும். அவர்கள் பாதத்தில் வலி இல்லாமை நலத்தின் அறிகுறி அன்று, அதுவே அபாயம். வெறுங்காலில் மலை நடப்பது அவர்களுக்கு ஆகாது. யாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாள்தோறும் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய இயலாவிடின் பிள்ளைகள் பார்க்கட்டும். இறங்கிய பின் வெந்நீரில் கால் வைக்கும் வழக்கம் மற்றவர்க்கு இதமாக இருக்கலாம். உணர்ச்சி குன்றிய கால் சூடு தெரியாமல் வெந்துவிடும். மருந்து உட்கொண்டு உபவாசம் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். அதனையும் மருத்துவரைக் கேட்காமல் செய்தல் வேண்டா.

நீண்ட இரயில் பயணத்தில் காலைத் தொங்கவிட்டே அமர்ந்தால் இருகாலும் வீங்குவது இயல்பு. அவ்வப்போது எழுந்து நடந்து, படுக்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைத்தால் வடியும். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால், அதனைப் பிடித்துவிடவும் தைலம் தேய்க்கவும் முற்படாமல் உடனே மருத்துவரிடம் காட்டுக. உள்ளே குருதி உறைந்திருக்கக்கூடும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்துவோர், அந்நோவைச் சரிப்படுத்திக்கொண்ட பிறகு மலைக்கு வரலாம். மலை எங்கும் போய்விடாது.

டோலி பற்றி நம்மிடையே ஒரு தயக்கம் இருக்கிறது. பிறர் தோளில் ஏறிச் சென்றால் புண்ணியம் குறையும் என்று பலர் அஞ்சி, இயலாத காலோடு நடக்கின்றனர். இயலாதவர் டோலியில் செல்வதில் இழிவு ஒன்றுமில்லை. சுமப்போர்க்குப் பேரம் பேசாமல் கூலி கொடுத்து, அவர்கள் இளைப்பாற நேரமும் நீரும் தருவதே நம் கடன். அவர்கள் கால்களும் கால்களே. அன்று எமக்கு டோலி கிடைக்காததற்கு உண்மைக் காரணம், காலையிலேயே பேசி வைக்கவில்லை என்பதுதான். எவருக்கும் தேவைப்படாது என்று செருக்காக இருந்துவிட்டோம்.

அந்த யாத்திரைக்குப் பின் எம் குழுவில் மூன்று மாற்றங்கள் செய்துகொண்டோம். பின்தங்குவோர் வருமுன் எவரும் அடுத்த சிகரத்துக்குப் புறப்படுவதில்லை. மெல்ல நடப்போரே முன்னால் நடப்பர். இளைஞர்கள் பின்னால் வருவர். இதனால் வலம் முடிய இரண்டு மணி நேரம் கூடுகிறது. ஆதலின் ஒரே நாளில் முழு வலமும் இயலாது என்று தோன்றுவோரை, இயன்ற அளவு வணங்கித் திரும்புமாறு முன்னிரவிலேயே சொல்லிவிடுகிறோம். இதனை ஏற்பது எளிதாக இல்லை. சென்றமுறை ஒரு பெரியவர் கண்ணீர் விட்டார். அவரோடு பார்சுவநாதர் சிகரத்தை மட்டும் வணங்கி, இருவராக இறங்கி வந்தோம்.

மூன்றாவது மாற்றம் அந்த அம்மையாரால் வந்தது. விரல் இழந்த பின் அவர் மலை ஏறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு குழு புறப்படுவதற்கு முந்திய ஞாயிறன்றும் ஜினாலயத்து மண்டபத்துக்கு வந்து அமர்கிறார். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் நீர், ஒரு துண்டு, ஒரு சிறு கண்ணாடி. யாத்திரைக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவர் முன் அமர்ந்து காலை நீட்ட வேண்டும். தம்மினும் மூத்தவர்கள் கூசினால், "நீட்டுங்கள் அக்கா, நான் பார்க்காத காலா?" என்கிறார். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, ஊன்றிக் கேட்டு, ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புகிறார். அவர் சரி என்று சொன்ன பிறகே எம் பட்டியலில் பெயர் ஏறுகிறது. சென்ற தை மாதத்துப் பட்டியலில் அவர் நிறுத்திவைத்தவர்கள் நால்வர். அவர்களுள் ஒருவர் யாம்.